எழுத்தாளர்கள் ஒரே கருவைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களா?

கேட்டவர் வேலைக்காக டெல்லி வந்து, ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர். அவர் கேள்வி சுருக்கமாக இது: “தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, ‘அம்மா வந்தாள்’, ‘மரப்பசு’ மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றிலும் ஊர் ஒத்துக்கொள்ளாத ஆசைதான் கதை. இத்தனைக்கும் அவர் டெல்லியில் பல வருஷம் இருந்தவர். பெரிய எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி எழுதுகிறார்களா? அப்படியென்றால் அவருடைய நான்காவது நாவலை நான் எதற்குப் படிக்க வேண்டும்?”

ஆமாம், திரும்பத்தான் வருகிறார்கள். நம் மொழியில் இது புதிதும் இல்லை, குறையாக நினைக்கப்பட்டதும் இல்லை. ஐங்குறுநூற்றை எடுத்துப் பாருங்கள். ஐந்து புலவர்கள், ஆளுக்கு ஒரு திணை, ஆளுக்கு நூறு பாட்டு. மருதம் ஓரம்போகியாருக்கு, நெய்தல் அம்மூவனாருக்கு, குறிஞ்சி கபிலருக்கு, பாலை ஓதலாந்தையாருக்கு, முல்லை பேயனாருக்கு. அந்த நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். அம்மூவனார் சிறுவெண்காக்கையை வைத்து மட்டும் பத்துப் பாட்டு பாடியிருக்கிறார். பத்துமே ‘பெருங்கடற் கரையது சிறுவெண் காக்கை’ என்ற ஒரே அடியில் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் வேறு துயரத்துக்குள் போகிறது. கபிலர் குரங்குக்குப் பத்து, பன்றிக்குப் பத்து, கிளிக்குப் பத்து, மயிலுக்குப் பத்து என்று போகிறார். பெருங்கடுங்கோ என்ற சேர மன்னருக்கோ ‘பாலை பாடிய’ என்ற அடைமொழியே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நிலத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதை அன்றைக்கு அவருடைய அடையாளமாகவே கொண்டாடியிருக்கிறார்கள்.

ஆகவே திரும்புகிறார்களா என்பதைவிட, எதற்குத் திரும்புகிறார்கள் என்று கேட்டால்தான் நமக்கு ஏதாவது கிடைக்கும். என் பதில் இதுதான்: தமக்கே தீராத ஒரு கேள்விக்குத் திரும்புகிறார்கள். பதில் கிடைத்துவிட்ட விஷயத்தை நல்ல எழுத்தாளர் விட்டுவிடுகிறார். கிடைக்காததை விட முடிவதில்லை.

இதற்குப் புதுமைப்பித்தனைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஒரே கருவில் நிற்காதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். கேலி, பேய்க்கதை, புராணம், நெல்லைப் பேச்சு, பட்டணத்து வறுமை என்று தாவிக்கொண்டே இருந்தவர். அவரே அகலிகையிடம் இரண்டு முறை போயிருக்கிறார். 1930களில் எழுதிய ‘அகல்யை’யில் சாபமே கிடையாது. கௌதமர் மனைவியின் நிலையைப் புரிந்துகொள்கிறார். இந்திரனிடம்கூட நிதானமாகவே பேசுகிறார். கதை அங்கே முடிந்தது என்று ஒரு சாதாரண எழுத்தாளர் நகர்ந்திருப்பார். 1940களில் ‘சாப விமோசனம்’ எழுதும்போது அதே பெண்ணை ராமாயணத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. தனக்கு விமோசனம் கொடுத்தவன் கட்டிய மனைவிக்கு அதைக் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகு, அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். முதல் கதையில் ஆணின் பெருந்தன்மை பதிலாகத் தெரிந்தது. இரண்டாவதில் அந்தப் பதில் செல்லவில்லை. தம் பழைய கதையோடு தாமே வழக்காடியிருக்கிறார். கருவுக்குத் திரும்புவது என்றால் இதுதான்.

இனி உங்கள் மூன்று நாவல்கள். அவற்றை எழுதப்பட்ட வரிசையில் வைத்து, யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மட்டும் கவனியுங்கள். 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது ‘மோகமுள்’. அதில் யமுனாவை நாம் பாபுவின் தவிப்பு வழியாகத்தான் பார்க்கிறோம். அவன் கண்ணில் அவள் கோயில் சிலைபோல நிற்கிறாள். அவளுக்கும் பசி உண்டு, வயது போகிறது என்பதெல்லாம் நமக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. 1966ல் ‘அம்மா வந்தாள்’. இப்போது பார்ப்பவன் மகன், பார்க்கப்படுபவள் தாய். அப்புவின் கண்ணில் அலங்காரம் தெய்வம். அதே கண்ணால் அவன், அவளோடு உறவு வைத்திருக்கும் சிவசு என்பவர் தங்கள் வீட்டுக்கு வந்து போவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1975ல் ‘மரப்பசு’. இங்கே ஆண் விலகி நிற்க, அம்மணியே ‘நான்’ என்று பேச ஆரம்பிக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைப் பற்றி அதுவரை மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளே பேசுகிறாள்.

இருபது வருஷத்தில் இவர் செய்திருக்கும் வேலை சாதாரணமானதல்ல. ஆசைப்படுபவன், பிள்ளை, கடைசியில் அந்தப் பெண் என்று ஒவ்வொரு நாவலிலும் ஒரு அடி உள்ளே வைத்திருக்கிறார். ‘மரப்பசு’ மூன்றில் பலவீனமான நாவல் என்பது என் எண்ணம். அம்மணியின் குரலில் பல இடங்களில் ஜானகிராமன் கேட்கிறார். அவள் சுதந்திரம் சில பக்கங்களில் வெறும் பிரகடனமாக நின்றுவிடுகிறது. ஆனால் அவர் அங்கே போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. யமுனாவை வெளியிலிருந்து எழுதியவருக்கு, உள்ளிருந்து எழுத முடியுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது.

இன்னொன்று. மூன்றுக்கும் பொதுவானது ‘ஊர் ஒத்துக்கொள்ளாத ஆசை’ என்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கு அடியில் வேறொன்று ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மயூர் விஹார் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ‘அம்மா வந்தாள்’ பேசினோம். எல்லோரும் அலங்காரத்தின் உறவு சரியா தவறா என்பதிலேயே நின்றுகொண்டிருந்தோம். ஒரு மாமி மட்டும், “பிள்ளையை ஏன் வேதம் படிக்க அனுப்பினாள்னு யாருமே பேசலையே” என்றார். அதன் பிறகு அந்த நாவலை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. அலங்காரம் தன் பாவத்துக்கு ஈடாக ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். அவன் வேத வித்தாகி வந்து நின்றால் தான் சுத்தமாகிவிடுவோம் என்று நினைக்கிறாள். பிள்ளையோ பாடசாலையிலேயே இந்து என்ற பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிடுகிறான். கொடுத்த ஈடு செல்லவில்லை. அவள் காசிக்குப் புறப்படுகிறாள்.

இப்போது ‘கண்டாமணி’ என்ற அவருடைய சிறுகதையைப் படியுங்கள். அதில் காதலும் இல்லை, காமமும் இல்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மார்க்கம் பரிமாறிய குழம்பில் பாம்பு விழுந்திருந்தது. சாப்பிட்டுப் போனவர் இறந்துவிடுகிறார். விஷயம் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயிலுக்கு மணி செய்து வைக்கிறார் மார்க்கம். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் அதே குற்றம் அவர் காதில் விழுகிறது. கொடுத்த காணிக்கையைத் திரும்ப வாங்கிவிட முடியாதா என்று தவிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். அலங்காரம் கொடுத்த பிள்ளையும் மார்க்கம் கொடுத்த மணியும் செய்யும் வேலை ஒன்றுதான். தெய்வத்துக்குக் கொடுத்தால் தீரும் என்று நினைத்தது கொடுத்தவர் முன்னாலேயே வந்து நிற்கிறது. எனக்கு ஜானகிராமனின் நடுக்கேள்வி இதுதான்: செய்த ஒன்றைப் பிராயச்சித்தம் அழிக்குமா? ஆசை அந்தக் கேள்வி எழுவதற்கு வசதியான இடம், அவ்வளவே. ‘மரப்பசு’வுக்கு இந்த வாசிப்பு அவ்வளவாகப் பொருந்தாது, இழுத்துப் பொருத்தவும் நான் விரும்பவில்லை. நான் சொல்ல வருவது, மேலே தெரியும் ஒற்றுமையைப் பார்த்து எழுத்தாளரின் கருவை முடிவு கட்டிவிடக் கூடாது என்பதுதான்.

டெல்லி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1970களில் இதே ஊரில் தமிழின் மூன்று பெரிய கதைக்காரர்கள் ஒரே காலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜானகிராமன் அகில இந்திய வானொலியில். இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில். மூவருக்கும் அதே வெயில், அதே டிசம்பர்க் குளிர், அதே கரோல் பாக் காய்கறிக் கடை, அதே அரசாங்க குவார்ட்டர்ஸ். ஊர்தான் கருவைக் கொடுக்கும் என்றால் மூவரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருக்க வேண்டும். எழுதியதோ முற்றிலும் வேறு வேறு.

ஆதவன் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தாலும் படித்து வளர்ந்தது டெல்லியில். திரும்பிப் பார்த்து ஏங்க அவருக்கு ஒரு ஆற்றங்கரை இல்லை. அவர் பார்த்தது வேஷம். ஆபீஸில் ஒரு முகம், மனைவியிடம் ஒரு முகம், நண்பனிடம் ஒரு முகம். எல்லாவற்றையும் கழற்றினால் உள்ளே யார்? ‘காகித மலர்கள்’ முழுக்க இதுதான். 1980ல் வந்த ‘என் பெயர் ராமசேஷன்’ தலைப்பிலேயே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ‘ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்’ கதையில் ஒரே அறையில் உட்காரும் தமிழ் அதிகாரியும் வட இந்திய சகாவும் ஒருவருக்கொருவர் நண்பர்களாக இருக்கப் படும் பாட்டில் வருவதும் இதே கேள்விதான். டெல்லி செக்‌ஷன்களில் வேலை பார்த்த தமிழர் யாரும் அந்தக் கதையைத் தன் கதையாகப் படிக்காமல் இருக்க முடியாது. மேலதிகாரியிடம் ஒரு இந்தி, பியூனிடம் ஒரு இந்தி, வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ் என்று வாழ்பவர்கள் நாம். ஆதவன் பிறகு பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். 1987ல் சிருங்கேரியில் துங்கா ஆற்றில் மூழ்கி இறந்தபோது அவருக்கு 45 வயது. அந்தக் கேள்வியை அவர் ஐம்பதிலும் அறுபதிலும் எங்கே கொண்டுபோயிருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்திரா பார்த்தசாரதிக்கு டெல்லி என்றால் அதிகாரம். ‘தந்திர பூமி’யும் ‘சுதந்திர பூமி’யும் நேரடியாகத் தலைநகரின் அரசியல் கூடங்களுக்குள் நடக்கின்றன. அங்கிருந்து அவர் எங்கே போனாலும் அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப் போனார். முகலாய அரண்மனைக்குப் போனால் ‘ஔரங்கசீப்’ நாடகம். ஸ்ரீரங்கத்துக்குப் போனால் ‘ராமானுஜர்’. அதற்குத்தான் 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் விருது. எல்லாவற்றிலும், எல்லாம் தெரிந்த மனிதன் அதிகாரத்துக்கு முன்னால் என்ன செய்கிறான் என்பதுதான் விசாரணை.

நடுக்கேள்வி எழுத்தாளரை எங்கே ஏமாற்றும் என்பதற்கும் உதாரணம் அவரிடமே இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாக வைத்து எழுதிய நாவல் ‘குருதிப்புனல்’. 1977ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதைக்குள் நுழையும் கோபாலும் சிவாவும் டெல்லியிலிருந்து போகிறவர்கள். படித்தவன் பார்க்கிறான், பதறுகிறான், செய்ய முடியாமல் நிற்கிறான். அதுவரை சரி. பண்ணையாரின் கொடூரத்துக்கு வேர் தேடும்போது அவருடைய ஆண்மைக் குறையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். கூலியும் நிலமும் சாதியும் சேர்ந்து செய்த கொலை, ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருங்கிவிடுகிறது என்று அன்றே கடுமையாக எழுதினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். தனிமனிதனின் மனதுக்குள் அதிகாரத்தைத் தேடுவது அவர் பழகிய பாதை. அந்த நிகழ்ச்சிக்கு வேறு பாதை வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்ட பொருள் ‘என்னை இப்படிப் பார்க்காதே’ என்று சொல்லும்போது கேட்காமல் போவதுதான் ஒரே கருவில் நிற்பதன் உண்மையான ஆபத்து. வாசகருக்கு அலுப்புத் தட்டுவது அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

சிலருக்குக் கேள்வியைவிட ஒரு காலம் விடாது. அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, தந்தை இறந்த பிறகு இருபது சொச்சம் வயதில் சென்னைக்கு வந்தார். செகந்திராபாத்தைக் களமாகக் கொண்ட ‘18வது அட்சக்கோடு’ நாவல் வந்தது 1977ல். அந்த ஊரை விட்டு வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு! அதற்கு அப்புறமும் சிறுகதைகளில் அந்த ஊரின் லான்சர் பாரக்ஸ் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். நடுவே சினிமா ஸ்டூடியோவையும் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அமெரிக்காவையும் எழுதினார். எல்லா இடத்திலும் அவர் கவனித்தது, பெரிய நிகழ்ச்சி ஒன்று தலைக்கு மேல் நடக்கும்போது சின்ன மனிதன் அன்றைய பொழுதை எப்படித் தள்ளுகிறான் என்பதை. நிஜாம் அரசு கவிழ்வதும் குழாயில் தண்ணீர் வராததும் அவர் தராசில் அவ்வளவு வித்தியாசப்படவில்லை. அதனால்தான் அவரை எங்கே திறந்தாலும் முதல் பக்கத்திலேயே அடையாளம் தெரிகிறது.

மும்பையில் வாழும் அம்பையைப் பார்த்தால் இன்னொரு வகை. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் ராஜஸ்தான் குடும்பத்துப் பெண்கள் சமையலறைக்குள் நடத்தும் ஆட்சியை எழுதியவர், பல வருஷம் கழித்து சுதா குப்தா என்ற துப்பறியும் பெண்ணை உருவாக்கி ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ எழுதினார். துப்பறியும் கதையில் வழக்கமாகக் குற்றவாளியைத் தேடுவார்கள். இவர் கதைகளில் ஒரு பெண் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பது முக்கியமாகிறது. உருவம் தலைகீழாக மாறியும் கேள்வி மாறவில்லை. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தந்த விஷயம். எழுபது வயதில் ஒருவர் தம் பழைய கேள்விக்குப் புதுக் கதவு தேடுகிறார் என்றால் அது அவருக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

உயிர் போன பிறகும் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு தொடர் நன்றாக ஓடியது, அதே மாதிரி இன்னொன்று என்று பத்திரிகை கேட்கிறது, கொடுக்கிறார். அல்லது பாராட்டு வாங்கித் தந்த ஒரு பாத்திரத்தைப் பெயர் மாற்றி இறக்குகிறார். இதைக் கண்டுபிடிக்க விமர்சகர் தேவையில்லை. இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தை எங்கேயாவது மறுக்கிறதா, சந்தேகப்படுகிறதா, அது பார்க்காமல் விட்டவரைப் பார்க்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது என்றால் அந்த எழுத்தாளர் தம்மைத் தாமே நகல் எடுக்கிறார். அவருடைய நான்காவது புத்தகத்தை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

வாசகர் பக்கத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு எழுத்தாளருக்கு ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் நமக்கு நிம்மதி. கரிசல் என்றால் கி. ராஜநாராயணன், காவிரி என்றால் ஜானகிராமன். ஒட்டிய பிறகு சீட்டில் இருப்பதைத்தான் புத்தகத்திலும் தேடுகிறோம். ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையில், செழிப்பாக இருக்கும் உறவுக்காரன் மேல் பொறாமையில் வெந்து, கல்யாணத்துக்குக் காய்ச்சிய பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துவிட்டது என்று சொல்லும் சாமநாதுவை எந்தச் சீட்டுக்குள் போடுவீர்கள்? அவருடைய ‘சிலிர்ப்பு’ கதையில், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் சிறுமிக்கு ரயிலில் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடும் பையனை? நான் சொன்ன பிராயச்சித்தம் என்ற சரடுக்குள்கூட இவை வராது. வர வேண்டியதும் இல்லை. ஒருவரின் நடுக்கேள்வியைத் தெரிந்துகொள்வது அவருடைய பெரிய படைப்புகளை நன்றாகப் படிக்க உதவும். அவரை முழுசாக அளந்துவிட உதவாது.

நான்காவதைப் படிக்கலாமா என்றீர்களே, ‘செம்பருத்தி’யைப் படியுங்கள். சட்டநாதன், அவன் மனைவி புவனா, அவனை நேசித்து அண்ணியாக வந்து சேர்ந்த குஞ்சம்மாள். நீங்கள் படித்த மூன்றிலும் ஆசை ஒரு நெருக்கடியை நோக்கிப் போகிறது. இங்கே நெருக்கடி முடிந்து, சொல்லப்பட்ட ஆசை ஒரே குடும்பத்துக்குள் வருஷக்கணக்கில் கூடவே இருக்கிறது. வயதாகிறது, வியாபாரம் நடக்கிறது, மனைவியின் குணம் மாறுகிறது. இல்லறம் என்பதை அவர் வேறு எங்கும் இவ்வளவு பொறுமையாக எழுதியதில்லை என்பது என் கருத்து. இந்த முறை படிக்கும்போது சட்டநாதனை விட்டுவிட்டுப் புவனாவைக் கவனித்துக்கொண்டே போங்கள். நூலகத்தில் ‘செம்பருத்தி’ வெளியே போயிருந்தால் அவருடைய சிறுகதைத் தொகுதியை எடுங்கள், ‘கண்டாமணி’யிலிருந்து தொடங்கலாம்.